பெரம்பலூர் போடுவது

குரும்பலூர்,
ஞாயிற்றுக்கிழமை.

என் மதிப்புக்கும் அன்புக்கும் உரிய அம்மா அவர்களுக்கு, தங்கள் ஒரே மகள் வெற்றிச்செல்வி எழுதிக்கொண்டது.

நடந்தவை அனைத்தையும் ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் விடாமல் உண்மையாகப் பதிவு செய்யப் போகிறேன் என்பதை முதல் வரியிலேயே அறிவித்துக்கொள்கிறேன். தாங்கள் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் இங்கே அப்படியே என்று எழுதுவதுதான் முறை. ஆனால் உண்மையை எழுதுவதாக அறிவித்துவிட்டதால் விவரமாகச் சொல்லிவிடுகிறேன்: அப்பாவுக்கு இருமல், கிரைண்டரில் கல் சுற்றவில்லை, எனக்கு ஒன்றும் இல்லை. "போன்ல எது கேட்டாலும் ம்ங்கிற, எந்த ம் நெசம்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது, உக்காந்து எழுது, சாமிதுரை மாமாகிட்ட குடுத்து விடு" என்று தாங்கள் சொன்னீர்கள். மாமா நாளைக் காலை திருச்சியில் பாங்காக் விமானம் ஏறுகிறார். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

தாங்கள் கேட்ட கேள்வியை நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். உலகச் சமூக மேம்பாட்டுக்கான மக்கள் கூட்டமைப்புக்கு மூன்று தலைவர்கள். அதில் ஒருவர் விலகுவதால் அந்த இடத்துக்குத் தங்களைக் கேட்டிருக்கிறார்கள். ஒத்துக்கொண்டால் இன்னும் இரண்டு வருடம் பாங்காக் ஆபீசிலேயே இருக்க வேண்டும். ஆனால் வீட்டில் உள்ள எல்லோரும் மனதாரச் சம்மதித்தால்தான் கூட்டமைப்பு யாரையும் தலைவராக்கும், ஆகவே நான் வேண்டாம் என்றால் தாங்களும் வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்கள். உலகம் முழுவதும் சமூக மேம்பாடு அடைவதா வேண்டாமா என்பது ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில் வந்து நிற்கிறது. இதனால் எனக்குக் கணக்குப் பாடத்தில் மனம் செல்லவில்லை. போன பரீட்சையில் வாங்கிய மதிப்பெண்ணுக்குக் காரணம் வேறு, அதை இங்கே எழுதவில்லை.

சரி, நேற்று பெரம்பலூர் கல்யாண மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு வருகிறேன். மற்ற இரண்டு தலைவர்களான கென்யாவின் வாஞ்சிரு அம்மையாரும் நார்வேயின் ஹென்ரிக் ஐயாவும் நேரில் வந்திருந்தார்கள். ஏன் வந்தார்கள் என்று தங்களுக்குத் தெரியும், இருந்தாலும் பதிவுக்காக எழுதுகிறேன். அப்போது பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்த தா.பழூரில் தாங்கள் போட்ட முதல் கூட்டத்தில் நடவு வேலைக்குப் போகிற பெண்கள் எல்லோரும் ஆபீசர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம், தாங்கள் எழுந்து, "இனிமே யாரும் மரியாதைக்குன்னு கையக் கட்டாதீங்க, எனக்கு இது ஒத்து வராதுன்னு சொல்றதுக்கு மட்டும் கட்டுங்க, ஒரே ஒரு ஆளு கட்டுனாலும் கூட்டம் அங்கனயே நிக்கும்" என்றீர்களாம். அது அப்படியே பரவி, இப்போது நைரோபியிலும் ஆஸ்லோவிலும் கூட்டத்தில் யாராவது கையைக் கட்டி மறுப்புச் சொன்னால் அதற்குப் பெயரே 'பெரம்பலூர் போடுவது' என்று ஆகிவிட்டதாம். பெரம்பலூர் என்பது ஒரு ஊர் என்று சென்ற வருடம்தான் ஹென்ரிக் ஐயாவுக்குத் தெரிந்ததாம். தெரிந்ததிலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்று நின்றாராம்.

மொழிபெயர்ப்பாளர் கோகுலகிருஷ்ணன் சார் வரவில்லை. அவர் சென்னைக்காரர், வெளியூர்க்காரர்கள் எல்லோரையும் போல அவருக்கும் பெரம்பலூரும் அரியலூரும் ஒன்றுதான். நேராக அரியலூருக்குப் போய், அங்கே ஒரு மண்டபத்தில் கூட்டமாக இருந்ததால் உள்ளே போய் உட்கார்ந்து, மொய் எழுதுகிற இடம் வந்த பிறகுதான் அது காதுகுத்து என்று கண்டுபிடித்தாராம். மாமாவுக்குப் போன் செய்து, "பந்தியில உக்கார வெச்சுட்டாங்க சார், எந்திரிச்சா தப்பா நெனப்பாங்க" என்றாராம். சாமிதுரை மாமா எங்கள் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார், புத்தகம் படித்துக்கொண்டிருந்த நான் அகப்பட்டேன். "ஐ.நா., நீ வா" என்று மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார். (பள்ளியில் எல்லோரும் என்னை ஐ.நா. என்றுதான் கூப்பிடுகிறார்கள். மிஸ் "கையைக் கட்டுங்கள்" என்றபோது, எனக்கு மறுப்பு எதுவும் இல்லையே மிஸ் என்று எழுந்து விளக்கம் சொன்னதிலிருந்து அந்தப் பெயர். மாமாவுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என் பெஞ்சில் இப்போது நிறைய இடம் இருக்கிறது, புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்ள வசதி.)

தலைவர்கள் இருவரும் உள்ளே நுழைந்தார்கள். வட்டமாகப் போட்டிருந்த நாற்காலிகளிலிருந்து ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று, அத்தனை பேரும் கையைக் கட்டினார்கள். வெளிநாட்டுக்காரர்கள், வயதில் பெரியவர்கள், அதனால் மரியாதை. இத்தனை வருடம் நீங்கள் சொல்லிக் கொடுத்ததெல்லாம் வாசலில் செருப்போடு கழன்றுவிட்டது. வாஞ்சிரு அம்மையார் அப்படியே நின்றுவிட்டார். ஹென்ரிக் ஐயா முகம் வெளுத்துப்போய் என்னிடம், நாங்கள் இன்னும் வணக்கம்கூடச் சொல்லவில்லையே, அதற்குள் எல்லோரும் ஏன் மறுக்கிறார்கள் என்று கேட்டார். நான் மைக்கில் மொழிபெயர்த்தேன். மரியாதை இன்னும் அதிகமாகி, இரண்டு பேர் தலையையும் குனிந்துகொண்டார்கள். சாமிதுரை மாமா வட்டத்தைச் சுற்றி ஓடி ஓடி, "அவுத்து வுடுங்க, கைய அவுத்து வுடுங்க, மானம் போவுது!" என்று ஒவ்வொருவர் கையாகப் பிரித்து விட்டார். இந்தப் பக்கம் பிரித்துக்கொண்டே போனால் அந்தப் பக்கம், மாமாவே கோபமாக வருகிறாரே என்று பயந்து மறுபடி கட்டிக்கொண்டார்கள்.

இதற்கிடையில் மண்டபத்து மேனேஜர் கலையரசன் அண்ணன் வேறு. மேடையில் மணமக்கள் சோபா இரண்டைத் துடைத்துப் போட்டிருந்தார், தலைவர்கள் அதில் உட்காராமல் வட்டத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. "ஏம் பாப்பா, சோபாவுல என்ன கொறைய கண்டாங்க? கேட்டு சொல்லு" என்றார். கேட்டுச் சொன்னேன். தலைவர் என்று தனி இருக்கை எங்களுக்கு இல்லை என்று அம்மையார் சொன்னார். "அப்ப வாடகைல கழிக்க முடியாதுன்னு சொல்லிடு" என்றார் அண்ணன். அதையும் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் எதையும் விடக்கூடாது.

பிறகு உறுதிமொழி. 'வளர்ச்சி என்ற பெயரில் உலகின் எந்த மூலையிலும் எந்த மனிதரையும் தனியே விட்டுவிட்டுப் போக மாட்டோம்.' நான் தமிழில் வாசித்தேன், அம்மா. என் குரல் மைக்கில் வேறு யாரோ மாதிரி கேட்டது. எல்லோரும் சம்மதத்துக்கு இரண்டு கையையும் தூக்கி விரல்களை ஆட்டினார்கள், மேலிருந்து பார்த்தால் காற்றில் சோளக்கொல்லை மாதிரி இருந்திருக்கும். ஒருவர் மட்டும் ஆட்டவில்லை. தா.பழூரிலிருந்து மூன்று பஸ் மாறி வந்த ஆண்டாயி அம்மா. ஏசிக்கு நேர் கீழே, கையை இறுக்கக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டம் நின்றது.

உண்மையான பெரம்பலூரை, பெரம்பலூரிலேயே, முதல் தடவையாகப் பார்க்கிறோம் என்று ஹென்ரிக் ஐயா கண் கலங்கிவிட்டார். வாஞ்சிரு அம்மையார் எழுந்து போய் ஆண்டாயி அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்து, உங்கள் மறுப்புக்குப் பின்னால் இருக்கும் வலியைச் சொல்லுங்கள், நாங்கள் கேட்கிறோம் என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

"குளுருது புள்ள" என்றார் ஆண்டாயி அம்மா.

குளிர்கிறதாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஹென்ரிக் ஐயா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, இது புறக்கணிப்பின் குளிரா, பல தலைமுறையாக உள்ளே இருப்பதா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"இல்ல சாமி. ஏசி."

ஏசியைக் குறைக்க முடியாதாம், ரிமோட் ஓனரிடம் இருக்கிறதாம், ஓனர் திருச்சியில் இருக்கிறாராம். "ஏசி ஹாலுக்குன்னுதான காசு வாங்கியிருக்கு, கொறச்சா நாளைக்கு நீங்களே கேப்பீங்க" என்றார் கலையரசன் அண்ணன். தலைவர்களுக்குப் போர்த்த வாங்கி வைத்திருந்த பொன்னாடையில் ஒன்றை எடுத்து சாமிதுரை மாமா ஆண்டாயி அம்மாவுக்குப் போர்த்திவிட்டார், அதோடு முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் இப்போது பொன்னாடைக்குள்ளே கை கட்டியிருக்கிறதா பிரிந்திருக்கிறதா என்று தெரியவில்லை. ஹென்ரிக் ஐயா விதியைச் சொன்னார். 'கையைப் பார்க்காமல் யாருடைய சம்மதமும் செல்லாது' என்று நீங்கள் போட்ட விதிதான், அதை அவர் தமிழிலேயே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்.

"கைய வெளிய வுட்டா குளுருது, உள்ள வெச்சா செல்லாதுங்கறீங்க. நான் என்னதான் பண்றது?" என்று ஆண்டாயி அம்மா சத்தம் போட்டுவிட்டு, பொன்னாடைக்கு வெளியே பத்து விரலையும் நீட்டி ஆட்டி, "போதுமா? சோத்தப் போடுங்க" என்றார். உலகத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஹென்ரிக் ஐயாவுக்குப் பொன்னாடை இல்லாமல் போயிற்று. இன்றைக்குப் பேப்பரில் வந்த படத்தில் பொன்னாடையோடு நடுவில் நிற்பது ஆண்டாயி அம்மா, கீழே போட்டிருப்பது 'உலகத் தலைவர் பெரம்பலூர் வருகை'. ஹென்ரிக் ஐயாவின் காது மட்டும் தெரிகிறது.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சின்ன விஷயம் நடந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். ஒரு கையில் மைக்கும் ஒரு கையில் வாழைப்பழத் தட்டுமாக நான் நின்றுகொண்டிருந்தபோது, வாஞ்சிரு அம்மையார் வட்டத்தைப் பார்த்து, நம் தோழி ஜோதி எங்களோடு வருவதற்கு அவருடைய மகளுக்குச் சம்மதமா என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன். எல்லோரும் மகள் யார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நானும் கொஞ்சம் பார்த்தேன். பிறகு "சம்மதம்" என்று தமிழில் சொல்லிவிட்டு, சம்மதமாம் என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். எல்லோரும் எனக்காகக் கையைத் தூக்கி விரல்களை ஆட்டினார்கள். நன்றி என்று அவர்கள் சார்பில் எனக்குச் சொல்லிக்கொண்டேன். வாழைப்பழம் ஒன்று கீழே விழுந்தது.

சாயங்காலம் ஆண்டாயி அம்மாவை அரியலூர் பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். பொன்னாடையை மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு, "நீ யாரு வூட்டுப் புள்ள?" என்றார்.

"ஜோதி மக."

"அட, ஜோதி மவளா நீ! ஒங்கம்மாவாலதான் எனக்கு இந்த வம்பே. சும்மா கையக் கட்டிகிட்டுக் கெடந்தேன், அதுக்கு ஒரு அர்த்தம் வெச்சு வுட்டுட்டா. எங்க அவ? ஆளையே காணும்?"

"பாங்காக்ல இருக்காங்க."

"அங்கயும் போயி கையக் கட்டாதங்கறாளா? எப்ப வரா?"

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

"நீ ஏன் புள்ள கையக் கட்டிகிட்டு நிக்கிற? ஒனக்குங் குளுருதா?"

குனிந்து பார்த்தேன், கட்டித்தான் இருந்தது. "ஆமாங்க, ஏசி" என்றேன். நாங்கள் அப்போது பஸ் ஸ்டாப்பில் வெயிலில் நின்றுகொண்டிருந்தோம்.

வீட்டைப் பற்றியும் எழுதச் சொன்னீர்கள். நீங்க போன பிறகு ஒரு பூனை வந்திருக்கிறது. அதற்கு இன்னும் பேர் வைக்கவில்லை. நம் வீட்டுக் கூட்டத்துக்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும் என்பது விதி, நானும் அப்பாவும் இரண்டு பேர்தான், அதனால் கிரைண்டரை ரிப்பேருக்குக் கொடுப்பதா, டிவிக்குப் பணம் கட்டுவதா, எதுவும் முடிவாகாமல் நிற்கிறது. பூனையை மூன்றாவது ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அப்பா சொன்னார். சேர்த்துப் பார்த்தோம். ஆனால் அது எப்போதும் முன்னங்கால் இரண்டையும் மடக்கி நெஞ்சுக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் உட்காருகிறது. எதைக் கேட்டாலும் மறுப்புதான். "ஒங்கம்மா வளத்த பூன மாரியே இருக்கு பாரு" என்று அப்பா சொல்லிச் சிரித்தார், பிறகு இருமல் வந்துவிட்டது.

அப்பாவிடமும் கேட்டேன். குட்டி யானை வண்டியில் செட்டிகுளத்துக்கு வெங்காயம் ஏற்றப் போகும்போது நானும் கூடப் போய், அம்மா போறதுல ஒங்களுக்குச் சம்மதமாப்பா என்று கேட்டேன். "ஸ்டீரிங்குல கை இருக்கறப்ப கேக்காத" என்றார். வண்டியை நிறுத்திய பிறகு கேட்டேன், தார்ப்பாயைப் பிரிக்கப் போய்விட்டார். ஏற்றி முடித்த பிறகு கேட்டேன், "கையெல்லாம் வெங்காயம்" என்று கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். வெங்காயம் நிஜமாகவே காரமானது, அதையும் பதிவு செய்கிறேன். திரும்பி வரும்போது அவராகவே, "போவட்டும்னு எழுது. நல்ல வேல. நம்ம சனத்துல யாரு இவ்வளவு தூரம் போயிருக்கா" என்றார். அப்போதும் கை ஸ்டீரிங்கில்தான் இருந்தது.

நான் நன்றாக இருக்கிறேன். தலையை நானே பின்னிக்கொள்கிறேன், ஒரு பக்கம் மேலே ஏறிவிடுகிறது, அப்பா அதை நேராக்குகிறேன் என்று இன்னொரு பக்கத்தையும் ஏற்றிவிடுகிறார். சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்று "வந்துட்டேன்" என்று சொல்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. பூனை திரும்பிப் பார்க்கிறது.

ஆகவே நன்கு ஆலோசித்து, யாருடைய கட்டாயமும் இல்லாமல் என் முடிவைத் தெரிவிக்கிறேன். தாங்கள் தலைவராவதில் எனக்கு முழுச் சம்மதம். எங்கோ இருக்கிற யாரோ ஒரு பெண் தனியாக விடப்படக்கூடாது என்பதற்காகத் தாங்கள் உழைக்கிறீர்கள், அது எனக்குப் பெருமை. எங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

சாமிதுரை மாமாவிடம் வெங்காய ஊறுகாய் கொடுத்து விட்டிருக்கிறேன், மூடி சரியாக நிற்காது, நேராக வைத்துத் திறக்கவும். அப்பாவின் அன்பும் பெயர் வைக்காத பூனையின் விசாரிப்பும் தங்களைச் சேரட்டும். தங்கள் பணி உலகெங்கும் சிறக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள்
வெற்றிச்செல்வி

பின்குறிப்பு: அம்மா, ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். இந்தக் கடிதம் செல்லாது. கையைப் பார்க்காமல் யாருடைய சம்மதமும் செல்லாதுன்னு விதி போட்டது நீதான், நீயே மறந்துட்டு என்னை எழுதி அனுப்பச் சொல்லியிருக்க. நேற்றும் என் கையை யாரும் பார்க்கவில்லை, ஒன்றில் மைக், ஒன்றில் தட்டு. மேலே சம்மதம் என்று எழுதியதும் என் வலது கை மட்டும்தான், எழுதுகிற கையைக் கட்ட முடியாது. எழுதுகிற வரைக்கும் நான் எதுக்கு வேண்டுமானாலும் சம்மதிப்பேன். இதோ இந்த வரியோடு முடிக்கிறேன், முடித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைக்கப் போகிறேன். வைத்த பிறகு என் ரெண்டு கையும் எப்படி இருக்குன்னு தெரியணும்னா நீ நேர்ல வந்துதான் பாக்கணும். எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும், அப்பா விளக்கை அணைத்துவிட்டார்.